எடை இழந்த இரும்பு

சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்குமதிச் சரக்கு எல்லாம் எடை இழந்து மிதந்துகொண்டிருந்த 1832 டிசம்பரில், சமையற்காரி பைனா, வாயைத் திறந்து கேட்கவே கூடாது என்று அவள் அம்மா சொல்லி வளர்த்ததைக் கேட்டுவிட்டாள். "எனக்கு விடுதலை வேணும் எஜமான்."

முந்தைய மாதம்தான் தெற்குக் கரோலினாவின் பெரிய மனிதர்கள் கூடி, வாஷிங்டனிலிருக்கும் மத்திய அரசு போட்ட இறக்குமதி வரி தங்கள் மாநிலத்தில் செல்லாது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். உடனே கம்பளி மூட்டைகள் கடற்பறவைகளோடு பறந்தன. தராசுத் தட்டு இறங்காததால் சுங்க அதிகாரி சீட்டாடப் போனார். மாநில உரிமை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஊர் தன் வேலையைப் பார்த்தது. நெல் வயல்களின் சொந்தக்காரரும் அந்த வயல்களில் ஒரு நாள்கூடக் குனியாதவருமான டுப்ரே, தான் வரவழைத்த இரும்புக் கம்பிகளைக் கூரைக்கு மேலே கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். தன் சம்மதம் கேட்காமல் போட்ட சட்டம் தன்னைக் கட்டாது என்று தினமும் சாப்பாட்டு மேசையில் முழங்குவார். பின்னால் நின்று விசிறியால் ஈ விரட்டிய பைனாவுக்கு அது மனப்பாடம்.

அவள் கழுத்தில் செப்புத் தகடு தொங்கியது. வெளிவீடுகளில் வேலை செய்யப் போகும் அடிமைக்கு நகராட்சி கொடுப்பது. வேலை அவளுக்கு, கூலி டுப்ரேவுக்கு.

"யாரைக் கேட்டு இப்படிப் பேசறே?"

"யாரையும் கேக்கல. என்னையும் யாரும் கேக்கலையே. இந்தத் தகட்டுக்கு நான் எப்ப சம்மதிச்சேன்? செல்லாதுங்க."

தகடு கயிற்றோடு அவள் தலைவழியாகக் கழன்று விளக்குக் கொத்துவரை உயர்ந்தது.

"அது வேற, இது வேற! சம்மதமாவது, மண்ணாவது…" என்று டுப்ரே கத்தியதும் ஒரு கம்பி கூரையைப் பிளந்துகொண்டு இறால் குழம்பில் விழுந்தது. தகடு அந்த ஓட்டை வழியாக வெளியே போயிற்று.

கூட உட்கார்ந்து சாப்பிட்ட மச்சினரான வக்கீல், குழம்பு தெறித்த சட்டையைத் துடைத்துக்கொண்டார். "வாயை மூடுங்க மாமா. அவ சொல்றது தப்புன்னா நாம சொன்னதும் தப்பு. இன்னும் அறுபது கம்பி மேல இருக்கு."

டுப்ரே வாயை மூடினார். வாழ்நாளில் முதல் தடவை.

"சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் பைனா. விசிறியை அவர் மடியில் வைத்துவிட்டு, காலையிலேயே கட்டி முன்கதவுக்குப் பின்னால் வைத்திருந்த மூட்டையை எடுத்தாள்.

தெருக்காவலன் தகடு எங்கே என்றான். அவள் மேலே காட்டினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். மற்ற வீடுகளின் புகைபோக்கிகளிலிருந்தும் ஒவ்வொன்றாகச் செப்புத் தகடுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. அவன் வழியை விட்டான். அவள் நடையை நிறுத்தவே இல்லை.