சிம்மாசனத்தோடு தூக்கிய சனிக்கிழமை

“எண்ணூறு பேர் பாத்துக்கிட்டிருக்கறப்போ, நம்ம பெரியவ ஒரு மகாராணிய சிம்மாசனத்தோட சேத்து, ஒத்தக் கையால, பூமிக்குள்ளேருந்து தூக்கி நிறுத்தினா!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே அறிவித்தார் லிஃப்ட்காரர். உள்ளே தையல் மெஷின் நிற்கவில்லை. திங்கட்கிழமைக்குள் நாற்பது பள்ளிச் சட்டைகளை முடித்துக் கொடுத்தாக வேண்டும். டெய்லரம்மா தலையைத் தூக்காமல், “காலக் கழுவிட்டு வாங்க,” என்றார்.

லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்து நான்கு வருடம் ஓடி ஓய்வு பெற்ற கணவர் சொல்லும் எதையும் பத்தால் வகுத்து, வருவதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது டெய்லரம்மாவின் வழக்கம். இடது கையில் இரண்டு விரல் நுனிகள் இல்லாததற்கே அவர் ஊருக்கு இதுவரை ஒன்பது காரணங்கள் சொல்லியிருக்கிறார். அதில் ஒன்றில் முதலை வருகிறது. இவர்கள் இருக்கும் பக்கத்தில் குளம்கூடக் கிடையாது.

அதுவும் இன்றைக்கு இந்தக் கதையை நம்புவதற்கில்லை. பெரியவள் மூன்று வருடமாக ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார் போன்களை எடுக்கிறாள். யாருக்கும் தெரியாமல் படித்து மெக்கானிக் பரீட்சையும் எழுதித் தேறிவிட்டாள். அந்த வேலைக்கு வருகிறாளா இல்லையா என்று கம்பெனிக்குத் திங்கட்கிழமை சொல்ல வேண்டும். அம்மா சரி என்று சொல்லாமல் போகமாட்டேன் என்று அவளே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அம்மாவோ ஒரே வரியில் முடித்துவிட்டார்: “அந்தக் குழிக்கு இந்த வீட்டுலேருந்து போன விரலுங்க போதும்.” சமாதானம் பேசுகிறேன் என்று இறங்கிய லிஃப்ட்காரர், தாய்மடிக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே பத்திரமான இடம் லிஃப்ட் குழிதான் என்று ஆரம்பித்து, தையல் சாக்கட்டியால் அடி வாங்கியதுதான் மிச்சம்.

நடந்தது இதுதான். சின்னவளின் பள்ளிக்கூடத்தில், வரலாற்றுப் பெண்களைப் பற்றிய இசை நாடகத்துக்கு வீட்டுக்கு நான்கு டிக்கெட் கொடுத்திருந்தார்கள். பார்த்துவிட்டு வந்து, ‘என் மனத்தை மாற்றிய தருணம்’ என்று ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். டெய்லரம்மா சட்டைகளைக் காட்டித் தப்பித்துக்கொண்டார். லிஃப்ட்காரர் இரண்டு மகள்களையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டு, முதல் பாட்டிலேயே அழ ஆரம்பித்தார். நட்சத்திரங்களை எண்ணியவள் வந்து பாடினாள். ஆண் வேஷம் போட்டு மருத்துவம் படித்தவள் வந்து பாடினாள். கடலைத் தனியாக விமானத்தில் தாண்டியவள் பாடியபோது பின்வரிசை அம்மாள் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அது போதாமல் அவர் வீட்டுக்காரருடையதும் வந்தது.

“அப்பா, மானம் போகுது,” என்றாள் சின்னவள்.

“போனா போகட்டும், நமக்கு நெறையா இருக்கு,” என்றார் அவர்.

கடைசிக் காட்சி. படை நடத்திய ராணி மேடைக்கு அடியிலிருந்து சிம்மாசனத்தோடு லிஃப்டில் எழுந்து வர வேண்டும். புகை வந்தது, முரசு வந்தது, கிரீடம் வந்தது, தோள் வந்தது. அதோடு நின்றுவிட்டது. அலமாரியில் வைத்த பொம்மை மாதிரி, மார்பு வரைக்கும் மட்டும் ராணி. ஆனால் கெட்டிக்காரி, பாட்டை விடவில்லை. இதுவும் கலைதான் போலிருக்கிறது என்று ஜனங்கள் கைதட்டினார்கள். பன்னிரண்டாம் வரிசையில் மட்டும் இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்ந்தன. முரசுச் சத்தத்துக்கு அடியில் டக், டக், டக் என்று ஒன்று கேட்டது.

“பிரேக்கு,” என்றார் அப்பா.

“இல்லப்பா. சேஃப்டி சுவிட்சு,” என்றாள் மகள்.

அவர் மறுத்துப் பேச வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலி காலி. பின்னாலேயே ஓடினார். மேடைக்குப் பக்கத்தில் காதில் மைக் மாட்டிய மேலாளர் வியர்த்து நின்றார். “லிஃப்ட் கம்பெனி,” என்றாள் பெரியவள். அதில் பொய் எதுவும் இல்லை. மேலாளர் அவளைத் தாண்டி லிஃப்ட்காரரைப் பார்த்து, “சார், நல்லவேளை வந்தீங்க, சீக்கிரம் பாருங்க சார்,” என்று கையைப் பிடித்தார். முப்பத்து நான்கு வருடத்துப் பெருமை லிஃப்ட்காரரின் தொண்டை வரைக்கும் வந்தது. ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டார். பிறகு பின்னால் வந்து, “நான் டார்ச்சு புடிக்கிற ஆளு. அவங்கதான் மெக்கானிக்கு,” என்றார். இந்த வாக்கியத்தை எங்கிருந்து எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

பெரியவள் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கீழே தவழ்ந்து போனாள். ராணியின் நீள அங்கி பாதுகாப்புச் சுவிட்சில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை விடுவித்து, கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ராணியை ஓர் அங்குலம், ஓர் அங்குலமாக மேலே ஏற்றினாள். ராணி அதே சரணத்தை நான்கு தடவை பாடினாள். லிஃப்ட்காரர் கணக்கில் நாற்பது. ராணி எழுந்து முன்னால் நடந்தபோது அரங்கமே எழுந்து நின்று தட்டியது.

இத்தனையும், கொஞ்சம் இடி மின்னல் சேர்த்து, அவர் சொல்லி முடித்ததும் மெஷின் நின்றது.

“அப்பாவும் பொண்ணும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. திங்கக்கெழமைக்கு,” என்றார் டெய்லரம்மா.

“அய்யய்யோ! சின்னவளக் கேளு!”

“நான் எதையும் பாக்கலம்மா. அதுக்கு முந்தின பாட்டுக்கே அப்பா சீட்டுமேல ஏறி விசில் அடிச்சாரு. அப்போலேருந்து நான் சீட்டுக்குக் கீழதான் இருந்தேன்,” என்றாள் சின்னவள்.

நடந்தது என்று பெரியவள் சொன்னால் குழிக்குள் இறங்கினேன் என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டதாகும். கிரீஸ் பட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“கை?” என்றார் அம்மா.

“ஸ்கூட்டர் செயின் கழண்டுச்சு...” என்று இழுத்தாள்.

“ஸ்கூட்டருக்கு ஏதுடி செயினு?” டெய்லரம்மா ஊசியை மடித்த துணியில் குத்திவிட்டு மகளை நேராகப் பார்த்தார். “சரி, நீ எறங்கினேன்னே வச்சுக்குவோம். கரண்ட நிறுத்தினியே, சுவிட்சுப் பொட்டிச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

லிஃப்ட்காரரின் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. விரல் போனதற்கு ஊருக்குத்தான் ஒன்பது காரணங்கள். இந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். அன்றைக்கு அவர் சோம்பல்பட்டுச் சாவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினார். யாரோ வந்து அதைத் திருப்பி லிஃப்டை ஓட்டிவிட்டார்கள். பூட்டி, சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டுதான் குழியில் இறங்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

“எங்கிட்டதாம்மா இருந்துச்சு. அப்பா கேட்டாரு, நான் குடுக்கல. பூட்டி, எடுத்து, இதோ இந்தப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத்தான்...” என்று பக்கவாட்டில் கையை விட்ட பெரியவள் அப்படியே நின்றாள். “அய்யோ.”

வெளியே வந்த கையில் ஒரு சாவி இருந்தது. வளையத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் ‘மேடை லிஃப்ட்’ என்று பொறித்திருந்தது.

“அடிப்பாவி! நாளைக்கு மூணு மணிக்கு ஷோடி! ராணி எப்படி வருவா?” என்று குதித்தார் லிஃப்ட்காரர்.

டெய்லரம்மா சாவியை வாங்கினார். தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தார், பின்பக்கத்தையும் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவர்போல ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து, தான் தைத்த அந்தப் பாக்கெட்டுக்குள் சாவியைப் போட்டார். கீழே விழுந்துவிடக் கூடாதே என்று வெளியிலிருந்து இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

“நடந்துதான் இருக்கு. திங்கக்கெழமைலேருந்து எந்தக் குழில எறங்கினாலும் சாவி இங்கதான் இருக்கணும்,” என்றார்.