நாற்பத்தொன்றாவது குறை

லூர்துராணிக்கு இடக்கைப் பழக்கம். பள்ளியில் கன்னியாஸ்திரிகள் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். பக்குவம் பலிக்காதபோது அடிக்கோலையும் எடுத்துப் பார்த்தார்கள். கை மாறவில்லை. மாறாத அந்தக் கைக்கு ஒரு தண்டனை மட்டும் நிலைத்துவிட்டது. மைப்பேனாவால் எழுதிக்கொண்டே போகும்போது, முன்னால் எழுதிய எழுத்து காய்வதற்குள் கை அதன்மேல் உரசிக்கொண்டு போகும். ஆதலால் அவள் எழுதிய வரிகள் யாவும் மழையில் நனைந்த சுவரொட்டி போல வலப்புறமாகத் தீற்றியிருக்கும். இடது சுண்டுவிரலின் ஓரம் வாரத்தில் ஆறு நாளும் நீலம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் புறப்படும்போது மட்டும் எலுமிச்சந்தோலைத் தேய்த்துப் போக்கிக்கொள்வாள்.

அவள் வேலை பார்த்தது அரியமங்கலம் தொழிற்பேட்டையில், வீரமலையின் பட்டறையில். முசிறிப் பக்கத்தில் வாழை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்த வீரமலை, பெரிய தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுப் பிரிவில் பதினைந்து ஆண்டு பணியாற்றியவர். பற்றவைத்த இரும்பில் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடிப்பதே அங்கே அவருடைய வேலை. வெளியே வந்து, எடை பார்க்கும் இயந்திரங்களுக்கு மின்பலகை செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு வீடியோ விளையாட்டின்மேல் ஆசை பிறந்தது. பொருட்காட்சிகளில் நிறுத்தக்கூடிய, ஆள் உயர மரப்பெட்டிக்குள் டிவி பொருத்திய இயந்திரம். விளையாட்டின் பெயர் 'பரிசல்'. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில், கொள்ளிடத்து வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடாமல் பரிசலை மதகு மதகாகக் கடத்திக் காவிரிக்குள் சேர்க்க வேண்டும். பரிசலைத் திருப்ப ஒரு கைப்பிடி. துடுப்புப் போட ஒரு பொத்தான். நிரல் எழுதியவர் அமிர்தராஜ். அதில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள் லூர்துராணி.

நாள் முழுதும் விளையாடுவதற்குச் சம்பளமா என்று மேலப்புதூரில் அவள் தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரே மதகின்மீது ஒரே பரிசலை நானூறு முறை மோதிப் பார்ப்பது விளையாட்டன்று என்பதை யாருக்கு எப்படி விளக்குவது?

பட்டறையில் நீள நோட்டு ஒன்று உண்டு. குறையின் எண், என்ன நடந்தது, மறுபடியும் அதை நடக்கச் செய்வது எப்படி, எத்தனை முறைக்கு எத்தனை முறை வருகிறது என்று வரிசையாகக் கட்டங்கள். பிறகு குறையைப் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து, சரி செய்தவரின் கையெழுத்து. கடைசிக் கட்டம் கண்டுபிடித்தவருக்கு உரியது. சரியாகிவிட்டதா என்று அவரே மறுபடி சோதித்துப் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அந்தக் குறை மூடப்பட்டதாகும். "கண்டவர்தான் மூடணும். இரும்பானாலும் இதுதான் விதி, டிவி பெட்டியானாலும் இதுதான் விதி" என்று வீரமலையே வகுத்த சட்டம் அது. நாற்பது குறைகளின் கடைசிக் கட்டத்திலும் 'லூ. ரா.' என்று தீற்றிய மை இருந்தது.

நாற்பத்தொன்றாவது குறை ஒரு செவ்வாய்க்கிழமை அகப்பட்டது. நோட்டை வலக்கையில் அணைத்துப் பிடித்தபடி, இடக்கையால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தாள். கைப்பிடியை விட்டுவிட்டு அதே கையால் பொத்தானைத் தட்டியபோது, மூன்றாம் மதகில் பரிசல் அப்படியே நின்றது. வெள்ளமும் நின்றது. மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் உயிர் வந்தது. கைப்பிடி நடுவுக்குத் திரும்பும் அதே நொடியில் பொத்தானும் விழுந்தால் இப்படி ஆகிறது என்று பிடித்துவிட்டாள். இருபது முறைக்கு மூன்று முறை.

அமிர்தராஜ் வந்து பத்து முறை ஆடினார். ஒருமுறையும் நிற்கவில்லை.

"எங்கேம்மா, எனக்கு வரலையே?"

"நீங்க ரெண்டு கையாலயும் ஆடுறீங்க சார். தயவுசெஞ்சு ஒரு கையால ஆடிப் பாருங்க."

"ஒரு கையால எவன் ஆடுவான்?"

"நான் ஆடினேனே சார்."

"நீங்க பீச்சாங்கையால ஆடுறீங்க. நோட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, டவுன் பஸ்ல தொங்குற மாதிரி. அது மெஷின்ல இருக்கிற குறை இல்லைம்மா, உங்க கையில இருக்கிற குறை."

பக்கத்து மேசையில் மின்பலகைக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்த வஹீதா தலை நிமிராமலே சொன்னாள்: "போன மாசம் ஸ்கோர் தலைகீழா ஓடினதைக் கண்டுபிடிச்சதும் அந்தப் பீச்சாங்கைதான் சார். அப்ப சோத்துக்கைங்க எல்லாம் டீ குடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க."

லூர்துராணிக்குச் சிரிப்பு வரவில்லை. "மன்னிக்கணும் சார். பொருட்காட்சிக்கு வர்றவங்க ஒரு கையில பிள்ளையைத் தூக்கியிருப்பாங்க. இல்லாட்டி கடலைப் பொட்டலம் வெச்சிருப்பாங்க. அவங்களுக்கு ஒரு கைதானே சும்மா இருக்கும்?"

"புரோகிராம் இருக்கிற சிப்பைக் கழட்டி, ஊதா விளக்குல வெச்சு அழிச்சு, மறுபடி எழுதணும். அரை நாள் போயிடும். சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துல மெஷின் நிக்கணும்னு முதலாளி ஒத்தக்கால்ல நிக்கிறார். தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதனாலதான் செவ்வாய்க்கிழமையே எழுதினேன்."

அவர் தம் மேசைக்குப் போய்விட்டார். குறையைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டிருந்தார். அந்த மட்டில் அவளுக்கு நிம்மதி. வெள்ளிக்கிழமை தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக அவள் விடுப்பில் இருந்தாள். சனிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்துக்கே நேராக வந்துவிடும்படி வஹீதா மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை நம்பி ராஜகோபுரத்துக்குத் தெற்கே ஒரு திடலில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். வளையல் கடைக்கும் மிளகாய்பஜ்ஜிக் கடைக்கும் நடுவில் 'பரிசல்' நின்றது. மாலை சாத்தி, சந்தனம் வைத்திருந்தார்கள். அதன் நெற்றியில் 'சோதனை முடிந்தது' என்ற சீட்டு ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. "சார், அந்த நாற்பத்தொண்ணு?"

"எல்லாம் முடிஞ்சுது. சும்மா நில்லுங்க, ஆள் வர்றார்" என்றார் அமிர்தராஜ்.

வந்தவர் சென்னைக்காரர். மதுரை, சேலம், கோவைப் பொருட்காட்சிகளில் விளையாட்டு அரங்குகளை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துபவர். அவருக்குப் பிடித்துவிட்டால் பட்டறைக்கு விடிந்துவிடும். பெரியவர்களைப் பார்க்கும்போது செய்கிற முறைப்படி, வீரமலை ஒரு எலுமிச்சம்பழத்தை இரு கைகளாலும் பணிவாக நீட்டினார். ஒப்பந்தக்காரர் அதை வலக்கையால் வாங்கிக்கொண்டார். மரியாதையாகக் கொடுத்த பழத்தைக் கொடுத்தவர் கண்ணெதிரே கீழே வைக்க முடியுமா, இடக்கைக்குத்தான் மாற்ற முடியுமா? பழம் வலக்கையிலேயே இருந்தது. அவர் இடக்கையால் கைப்பிடியைப் பற்றினார்.



முதல் மதகு தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதில் கைப்பிடியை விட்டுவிட்டு அவர் பொத்தானைத் தட்டினார். பரிசல் நின்றது, வெள்ளம் நின்றது. அமிர்தராஜ் பாய்ந்து சென்று அணைத்துப் போட்டார். மறுபடியும் ஆடியபோது அதே மதகில், அதே மாதிரி.

"ஸ்ரீரங்கத்துல பெருமாள் படுத்திருப்பார்னு தெரியும்" என்றார் ஒப்பந்தக்காரர். "உங்க மெஷினும் படுத்துக்குமா?" பஜ்ஜிக் கடை வரையில் சிரிப்புப் பரவியது. "நான் போய் ஒரு காபி குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள எழுப்பி வைங்க."

அவர் தலை மறைந்ததும், அரங்கின் பின்புறத் திரைக்குள் வீரமலை சீறினார். "யாருய்யா இதை பாஸ் பண்ணினது?"

அமிர்தராஜ் பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தார். "சோதனை பார்த்தது லூர்துராணிதான் ஐயா. அவங்க கையெழுத்துப் போட்டு மூடியிருக்காங்க. அதை நம்பித்தான் அனுப்பினேன்."

நாற்பத்தொன்றாம் வரியின் கடைசிக் கட்டத்தில் 'லூ. ரா.' என்று இருந்தது.

பொருள் திருட்டுப் போனவர்கள் அலறுவார்கள். தன் பெயரே திருட்டுப் போனவள் எதைச் சொல்லி அலறுவது? அந்த இரண்டு எழுத்துகளையும் அவள் உற்றுப் பார்த்தாள். அடக்கமாக, அழகாக, அச்சடித்தாற்போல இருந்தன. அவற்றின் அழகுதான் அவளுக்கு வாயைத் திறந்துவிட்டது.

"ஐயா, தயவுசெஞ்சு நாற்பதாவது வரியைப் பாருங்க. முப்பத்தொன்பதைப் பாருங்க. மேல வரைக்கும் பார்த்துட்டு இதைப் பாருங்க." மை படிந்த சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள். "இது என் கைங்க. இந்தக் கை போட்டா 'லூ' காயறதுக்குள்ள தீத்திடும். மூணு வருஷமா தீத்தாம நான் ஒரு எழுத்து எழுதினதில்லை."

வீரமலை நோட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். நாற்பது வரிகளிலும் நீலம் வழிந்திருந்தது. நாற்பத்தொன்றின் கடைசிக் கட்டம் மட்டும் துடைத்துவைத்த பாத்திரம் போலிருந்தது. மயிரிழை வெடிப்பைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

"அமிர்தராஜ், என்னய்யா இது?"

"அவங்க நேத்து லீவு ஐயா. வாசல்ல லாரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு எழுத்துதானேன்னு…"

வீரமலை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவரல்லர், அவசரக்காரர். "சரி. இது நம்ம வீட்டுக்குள்ள நடந்தது, அப்புறம் பேசிக்கலாம். இப்ப அந்த மனுஷன் வந்துடுவார். பொண்ணு புதுசு, பார்க்காம விட்டுட்டான்னு சொல்லிடுவோம். எழுதினவன் பேரு கெட்டா மெஷின் பேரும் சேர்ந்து கெட்டுப்போயிடும். நீங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்கம்மா."

உண்மை தெரியாமல் பழி சுமத்தியிருந்தால் அவள் அழுதுவிட்டுப் போயிருப்பாள். தெரிந்த பிறகும் சுமக்கச் சொன்னதுதான் அவளைச் சுட்டது.

"நான் புதுசு இல்லைங்க ஐயா" என்றாள். "எழுதத் தெரியலைன்னு பள்ளிக்கூடத்துல இந்தக் கையை அடிச்சாங்க. பொறுத்துக்கிட்டேன். குறைன்னு சொன்னாங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். எழுதாததை எழுதிச்சுன்னு சொன்னா பொறுத்துக்க மாட்டேங்க ஐயா. மன்னிக்கணும்."

அவரிடமிருந்து நோட்டை வாங்கி ஒரு பெட்டியின்மேல் வைத்தாள். அந்த அழகான இரண்டு எழுத்துகளையும் அடித்துவிட்டு, 'மூடப்படவில்லை' என்று பக்கத்தில் எழுதினாள். அடுத்த வரியில் நாற்பத்திரண்டு என்று எண்ணிட்டுத் தொடர்ந்தாள். மை தீற்றிக்கொண்டே வந்தது.

'குறை: சோதித்தவரின் கையெழுத்தை வேறொருவர் இட்டது. மறுபடி நடக்கச் செய்யும் முறை: சோதித்தவர் விடுப்பில் இருக்க வேண்டும், வாசலில் லாரி நிற்க வேண்டும். எத்தனை முறைக்கு எத்தனை: ஒன்றுக்கு ஒன்று.'

"வாங்கிக்கிட்டதுக்கு நீங்க கையெழுத்துப் போடணும் ஐயா."

வீரமலை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தபோது திரை விலகியது. "எழுந்தாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒப்பந்தக்காரர் தலையை நீட்டினார். பழம் இன்னும் அவர் வலக்கையில் இருந்தது.

வீரமலை வாயைத் திறப்பதற்குள் லூர்துராணி முந்திக்கொண்டாள். "இல்லைங்க. ஒரு கையால ஆடினா நின்னுபோகும். செவ்வாய்க்கிழமையே கண்டுபிடிச்சு எழுதியாச்சு. இன்னும் சரி பண்ணலை. அந்தப் பழத்தை வெச்சுட்டு ரெண்டு கையால ஆடினீங்கன்னா ஓடும். ஆனா அப்படி ஓடுறதைப் பார்த்து வாங்கிடாதீங்க."

அமிர்தராஜ் தரையைப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் பழத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "என் அரங்குல பாதிப் பேர் கையில பஞ்சுமிட்டாய் இருக்கும்" என்று முனகினார். பிறகு வீரமலையிடம், "சரியானதும் இந்தம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லி எழுதுங்க. அப்புறம் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

வீரமலை பேனாவைக் கேட்டு வாங்கி, நாற்பத்திரண்டாம் குறையைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார்.

சிப்பை அழித்து மறுபடி எழுத அமிர்தராஜுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. லூர்துராணி நோட்டை அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் இருநூறு முறை ஆடிப் பார்த்தாள். பரிசல் நிற்கவில்லை. நாற்பத்தொன்றின் ஓரத்தில் 'லூ. ரா.' என்று தீற்றினாள். பொங்கல் கழிந்து ஒப்பந்தக்காரரின் கடிதம் வந்தது: சேலத்துக்கு ஆறு இயந்திரங்கள்.

நாற்பத்திரண்டு மட்டும் திறந்தே கிடந்தது. நோட்டை எடுக்கும்போதெல்லாம் அமிர்தராஜின் கண்ணில் அது படாமல் இருக்குமா? ஒருநாள் தயங்கித் தயங்கி அவளுடைய மேசைக்கு வந்தார்.

"சரி செய்தவர் கட்டத்துல நான் கையெழுத்துப் போட்டுட்டேன்மா. இனிமே அப்படிச் செய்ய மாட்டேன். நீங்க அதை மூடிடக் கூடாதா?"

"சோதிக்காம எப்படி சார் மூடுறது?" என்றாள் லூர்துராணி, மிகுந்த மரியாதையோடு. "நான் மறுபடி லீவு போடணும். வாசல்ல லாரி நிக்கணும். அப்பவும் வரலைன்னாத்தான் மூட முடியும்."

வஹீதா ஈயக்கோலைக் கீழே வைத்துவிட்டு இருமினாள்.

சேலத்து லாரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அன்றைக்கு விடுப்பு வேண்டி லூர்துராணி வீரமலையிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் மை தீற்றியிருந்தது.