யாரும் வர வேண்டியதில்லை

கொலோசியத்தின் மேலடுக்கில், கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்றபடி ரூபி வீட்டுக்குப் போன் போட்டாள். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. ரோமாபுரிக்கு வந்ததிலிருந்து முதல் ரிங்கிலேயே எடுத்து, கேமராவைத் தன் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு "காட்டு, காட்டு" என்று அவசரப்படுத்தும் அப்பா இன்றைக்கு எடுக்கவில்லை. திரும்பவும் போட்டாள். இந்த முறை தம்பி ரொனால்டு எடுத்தான். வீடியோ இல்லை, குரல் மட்டும்தான்.

"அப்பா எங்கடா?"

"தூங்குறாருக்கா. ராத்திரி சரியாத் தூங்கல. நீ எங்க இருக்க, கொலோசியமா? எப்படிக்கா இருக்கு? நல்ல பெருசா?"

ரொனால்டு சானிட்டரி கடை வைத்திருப்பவன். தாஜ்மகாலுக்குப் போய்வந்து அங்கே பாத்ரூம் சுமார் என்று சொன்ன ஆள். அவன் ஒரு கட்டடம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தது ரூபிக்கு விநோதமாக இருந்தது. பெருசுதான் என்று சொல்ல வாயெடுத்தபோது அவன் குரலுக்குப் பின்னால் மணி கேட்டது. ஒரே ஒரு அடி. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது இன்னோர் அடி.

அவர்கள் வீடு மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. பூசை மணி, மூவேளைச் செப மணி, துக்க மணி என்று ஒவ்வொன்றையும் தூக்கத்தில்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள் அந்தத் தெருக்காரர்கள். துக்க மணி கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அப்புறம் யாராவது வாசலுக்கு வந்து, போகிறவர் வருகிறவரிடம் "யாருக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அது அடிக்கும் என்பதால் கேட்கிறவருக்குத் தெரியாத பெயராக அது இருக்காது. ரூபியும் அதைத்தான் கேட்டாள்.

"யாருக்குடா மணி?"

"மணியா? அது... யாரோ எரியோட்டுக்காரராம். ஒனக்குத் தெரியாது." அடுத்த அடியை மறைக்கிற மாதிரி அவன் குரலை உயர்த்தினான். "அங்க வெயிலாக்கா? தொப்பி போட்டுக்கிட்டியா?"

எரியோடு தனிப் பங்கு, எரியோட்டுக்காரருக்கு அங்கேதான் மணி அடிப்பார்கள். இதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் வந்துவிட்டால் அப்புறம் அதை ஒன்றும் செய்ய முடியாது. "சரிடா. அப்பா எந்திரிச்சாப் பேசச் சொல்லு" என்று போனை வைத்தாள். கீழே, சுவர்கள் தெரிகிற அந்தப் பெரிய பள்ளத்தை நூறு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தடுப்பை விட்டு விலகினாள். படியில் உட்கார்ந்தாள். காவலர் ஒருவர் வந்து உட்காரக் கூடாது என்று சைகை காட்டினார். எழுந்து நின்றாள்.

ரூபி திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ரோமாபுரி ஏழு குன்றுகளின் மேல் அமைந்தது என்று இருபது வருடத்துக்கு மேலாகப் பாடம் நடத்துகிறாள். "நீங்க பாத்துருக்கீங்களா டீச்சர்?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். கல்யாணம் இழுத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எல்லோரும் அந்தப் பேச்சை விட்டுவிட்ட பிறகு, அவளும் அப்பாவும்தான் கீழ்வீட்டில். மாடியில் ரொனால்டு குடும்பம். போகலாமா என்று அவள் யோசித்தபோது முதலில் சரி என்றவர் அப்பா. பங்கில் ஆட்கள் சேர்த்துக்கொண்டு திருயாத்திரைக் குழுவோடு போவதுதான் வழக்கம். அதில் ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம், ஒரு செபமாலை, அப்புறம் பஸ். அவளுக்கு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு வேண்டுமட்டும் நிற்க ஆசை. தனியாகத்தான் போவேன் என்றாள். ரொனால்டு குதித்தான். "ஏலே, அவ வெவரமான பிள்ள. போயிட்டு வரட்டும்" என்று அப்பா முடித்துவிட்டார்.

அப்பா ஆரோக்கியதாஸ் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். இருதயத்தில் கோளாறு இருந்தாலும் குரலில் ஒரு குறையும் கிடையாது. முதல் நாள் பேதுரு பேராலயத்தின் முன்னால் வட்டமாக நிற்கும் தூண்களைக் காட்டியபோது, "இம்புட்டுக் கூட்டத்துக்கு எத்தன கேட்டு வச்சிருக்கான்? வரிசைய யார் பாக்குறது?" என்று கேட்டார். மறுநாள் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் கூரையில் இருக்கும் வட்ட ஓட்டையைக் காட்டினாள். "மழ பேஞ்சா?" என்றார். தரையில் தண்ணீர் வடிய சின்னச் சின்னத் துளைகள் இருப்பதைத் தேடிப்பிடித்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். தெருவோரக் குழாய்களில் தண்ணீர் நிற்காமல் ஓடுவதைப் பார்த்து அவருக்கு ஆறவேயில்லை. வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வருகிற ஊர்க்காரர். "அத மூடச் சொல்லும்மா யார்ட்டயாவது" என்றார். மூடுவதற்குத் திருகே கிடையாதுப்பா, இப்படி ஓடிக்கொண்டேதான் இருக்குமாம் என்றாள். அவர் நம்பவில்லை. நேற்று சாயங்காலம் பேசியது அவ்வளவுதான்.

கொலோசியத்தை விட்டு வெளியே வந்தாள். வரும் வழியில் தம்பி மனைவி அமலராணிக்குப் போட்டாள். "மாமா நல்லாருக்காங்க மதினி. கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துருக்காங்க" என்று அமலராணி ஒப்பித்தாள். மூக்கு அடைத்திருந்தது. ஜலதோஷமா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லி உடனே வைத்துவிட்டாள். கூட வேலை பார்க்கும் தமிழ்மதி டீச்சர், பாடம் நடத்தும்போதே போனை எடுக்கிறவள், எடுக்கவில்லை. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்து குமியும், இன்று ஒன்றுமில்லை. பங்குக் குழுவிலும் ஒன்றுமில்லை. ஊரில் ஒரு பூனை செத்தால்கூடப் போட்டோவோடு போடுகிறவர்கள். ரொனால்டு வீடு வீடாகச் சொல்லியிருப்பான். அக்கா தன்னந்தனியா இருக்கா, தெரிஞ்சா மயங்கி விழுந்துருவா, வந்தப்புறம் நாங்க சொல்லிக்கிறோம் என்று. ஊரையே வாயடைத்தவன் மணியை மறந்துவிட்டான். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், அவள் கேட்கும்வரை அவன் காதில் விழுந்திருக்காது.

சாலைக்கு அந்தப் பக்கம் குடை மாதிரி விரிந்த ஒரு பைன் மரத்தடியில் குட்டைச் சுவர் இருந்தது. அதில் உட்கார்ந்து விமானம் தேடினாள். எப்படிப் போனாலும் நாளை இரவுக்கு முன் மதுரையில் இறங்க முடியாது. நாளை வரை வைத்திருப்பார்களா? சாவு விழுந்தவுடன் பங்குச் சாமியார் கேட்கும் முதல் கேள்வி, வெளியூரிலிருந்து யாருக்காவது காத்திருக்கணுமா என்பது. மகன் மிலிட்டரியில் இருந்தால், மகள் துபாயில் இருந்தால், ஐஸ் பெட்டி வைத்து இரண்டு நாள்கூடக் காத்திருப்பார்கள். இல்லையென்றால் வெயில் தாழ்ந்ததும், நான்கு மணி வாக்கில், எடுத்துவிடுவார்கள். ரொனால்டு என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரும் வர வேண்டியதில்லை சாமி. அதைச் சொல்லும்போது அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்லியிருப்பான் என்பது வரை தெரிந்தது. அவன் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. இருபது வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள், ஊசி போட்டவள், நகம் வெட்டிவிட்டவள் அவள். காத்திருக்க வேண்டியவர்களில் அவள் இல்லையா?

நம்மூர் நான்கு மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. இன்னும் நேரம் இருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக முகம் பார்க்க எல்லோரையும் கூப்பிடுவார்கள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும். ரொனால்டுக்குப் போட்டாள். சுவிட்ச் ஆஃப். குரலில் பேசி அனுப்பினாள்: "ரொனால்டு, எனக்குத் தெரியும்டா. நான் அழல. மயங்கி விழல. மொகத்த மட்டும் காட்டு. பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ காட்டு." ஒற்றை டிக்கோடு அது அப்படியே நின்றது. அமலராணிக்கும் அதையே அனுப்பினாள். அது நீலமானது. கேட்டிருக்கிறாள். பதில் எழுதுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதுவதாகக் காட்டியது. ஒன்றும் வரவில்லை. ரூபி அந்தச் சின்ன எழுத்துகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செங்கல் நிறப் பேருந்துகள் வந்து ஆட்களை இறக்கின. ரோமாபுரிப் போர்வீரன் வேஷம் போட்ட ஒருவன் அவளிடம் வந்து படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டான். அவள் முகத்தைப் பார்த்து அவனே விலகிப் போனான்.

சாகுல் ஹமீது மாமாவின் நினைப்பு அப்புறம்தான் வந்தது. தெருமுனையில் பை, சூட்கேஸ் கடை வைத்திருப்பவர். அப்பாவின் சிநேகிதர். இந்தப் பயணத்துக்குப் பெட்டி கொடுத்தவரும் அவர்தான். போட்டாள். எடுத்தார். நடந்துகொண்டிருந்தார் போல. மூச்சு இரைத்தது.

"மாமா."

"அம்மாடி, ஒந் தம்பி எங்கிட்ட சத்தியம் வாங்கிருக்கான். நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மாமா. எனக்கு மொகத்தக் காட்டுங்க."

"கோயில்ல பூச முடிஞ்சு பெட்டிய மூடிட்டாங்கம்மா." சொல்லிவிட்டு அவர் அழுதார். சத்தியத்தை மீறிவிட்ட அழுகையும் அதில் இருந்தது. "வண்டி முன்னால போயிருச்சு. கல்லறைக்குத்தான் நடந்து போய்க்கிட்டு இருக்கேன். எனக்கு முட்டி ஏலல. பின்தங்கிட்டேன்."

"வீடியோ போடுங்க மாமா. வழியக் காட்டுங்க."

அவருக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அவள் சொல்லச் சொல்ல, தெரியாமல் ஒருமுறை இணைப்பையே துண்டித்து, மறுபடி எடுத்து, கடைசியில் படம் வந்தது. அவர் செருப்பு, வெள்ளை வேட்டியின் கரை, வெயிலில் வெளுத்த தார்ச்சாலை. சாலையில் சிதறிய சம்பங்கிப் பூக்களை மிதிக்காமல் விலகி விலகி நடந்தார். யாரோ பைக்கை நிறுத்தி "ஏறிக்கங்க பாய்" என்றார்கள். படம் ஆடியது. சுவர், தேர்தல் விளம்பரம், கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு. எல்லாம் அவளுக்குத் தெரிந்த இடங்கள். ஒரே சாய்வில், தலைகீழாக, நெற்றியோடு மோதுகிற மாதிரி ஓடின. கூட்டம் வந்ததும் முதுகுகள்தான் தெரிந்தன. மாமா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். தலைகள், இரண்டு குடைகள், வெள்ளை அங்கியில் சாமியாரின் தோள். அதற்கு அப்பால் குழி இருக்க வேண்டும். குழி தெரியவில்லை. ரொனால்டின் பிடரி தெரிந்தது. நேற்றுத்தான் முடி வெட்டியிருப்பான் போல. அந்தப் பிடரி குலுங்கிக்கொண்டிருந்தது. அவன் மேல் வைத்திருந்த கோபத்தை அந்த நேரத்தில் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனைக் கட்டிப்பிடிக்க ஓர் ஆள்கூட அங்கே இல்லையா என்று எரிச்சலாக வந்தது.

"மாமா, கொஞ்சம் முன்னால போங்க."

"வழிவிட மாட்டேங்குறாங்கம்மா. செத்த இரு. எல்லாரும் மண்ணு போட ஆரம்பிச்சுட்டாங்க. ஒம் பேரச் சொல்லி நான் ஒரு பிடி போட்டுட்டு வாரேன்."

போனை அவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரையில் வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தது. துணிக்குள்ளிருந்து செபம் கேட்டது, யாரோ பெண்பிள்ளை "மாமா, மாமா" என்று அலறுவது கேட்டது. அமலராணியாக இருக்கும். ரூபியின் பார்வை தன் காலடிக்குப் போனது. நடைபாதை முழுக்கக் கறுப்புக் கற்களை இடைவெளி இல்லாமல் பாவியிருந்தார்கள். மரத்தைச் சுற்றிக்கூட இரும்புச் சல்லடை. ஒரு பிடி மண்ணுக்காக விரலை நுழைத்துப் பார்த்தாள், உள்ளே போகவில்லை.

"எக்ஸ்க்யூஸ் மீ" என்றது ஒரு குரல். ஒரு கிழவரும் கிழவியும் நின்றிருந்தார்கள். பின்னால் இருக்கும் கட்டடத்தைக் காட்டி, தங்கள் போனை நீட்டினார்கள். முடியாது என்று சொல்ல அவளுக்கு எந்த மொழியிலும் வாய் வரவில்லை. தன் போனை மடியில் வைத்துவிட்டு அவர்களுடையதை வாங்கினாள். கிழவர் மனைவியின் தோளில் கைபோட்டுக்கொண்டார். கொஞ்சம் இடப்பக்கம் நகருங்கள் என்று அவள் கைகாட்டினாள். நகர்ந்தார்கள். ஒன்று எடுத்தாள். கிழவி கண்ணை மூடிவிட்டாள் போலிருந்தது, இன்னொன்றும் எடுத்தாள். அவர்கள் நன்றி சொன்னார்கள். அவள் முகத்தைக் கவனித்த கிழவி ஏதோ கேட்க நினைத்து, கேட்காமல், கைப்பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மடியில் வெளிச்சம் வந்திருந்தது. மாமா போனை வெளியே எடுத்திருந்தார். மண் போட்டுவிட்டு வந்திருந்தார். முகத்தைக் காட்டவில்லை. தன் வலது உள்ளங்கையை விரித்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்திருந்தார். ரேகைகளிலும் விரலிடுக்கிலும் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. அவர் அதைத் தட்டிவிடாமல் வைத்திருந்தார்.

ரூபி ஆள்காட்டி விரலை நீட்டி அந்த மண்ணைத் தொட்டாள். கண்ணாடி வழுக்கியது. தொட்டதும் உள்ளங்கைக்குக் கீழே வட்ட வட்டமாகப் பொத்தான்கள் எழுந்து வந்தன. நடுவில் சிவப்பாக ஒன்று. அதில் பட்டுவிடாமல் விரலை மெல்ல எடுத்துக்கொண்டாள்.