படிக்கட்டுக்கு அடியில் ஆறு பாட்டில்

கண்ணாடிக்கடைக்காரரின் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக யாரும் மாடிப்படியில் ஓடியதில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்திலும் பூனை மாதிரிதான் இறங்கி வருவார்கள். படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறையில் ஒயின் படுத்திருந்ததுதான் காரணம். படி அதிர்ந்தால் பாட்டில் அதிரும், பாட்டில் அதிர்ந்தால் அடியில் படிந்த வண்டல் கலங்கும், வண்டல் கலங்கினால் மனிதர் கலங்கிவிடுவார். கைக்குழந்தை தூங்குகிற வீட்டில்கூட இவ்வளவு கெடுபிடி இருக்காது.

முன்பு அந்த அறையில் அவர் மனைவியின் தையல் மிஷின் இருந்தது. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மிஷினைப் படுக்கையறை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, சுவர் முழுக்கத் தெர்மோகோல் அடித்து, கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, உள்ளே ஒரு தெர்மாமீட்டரையும் மாட்டினார் மனிதர். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அதைப் போய்ப் பார்ப்பார். மகள் காய்ச்சலில் கிடந்த வாரம் அவளுக்கு எத்தனை டிகிரி என்று கேட்டால் முழித்திருப்பார். அறையின் டிகிரியை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அந்த அறைக்கு எத்தனையோ பாட்டில்கள் வந்தன, போயின. கீழ்த்தட்டில் இருந்த ஆறு மட்டும் அசையவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவற்றைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை, மனைவிதான். கல்யாணமான ஏழாவது வருஷம் ஒரு விடுமுறையில் திராட்சைத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார்கள். தோட்டக்காரர் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தார். இவர் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் மனைவி குடித்தே முடித்துவிட்டாள்.

"நல்லாருக்குங்க. வாங்கிட்டுப் போலாம்," என்றாள். அவளுடைய விமர்சனம் அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய மறுவாரமே அதில் ஒரு பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீதிபதியிடம் போனார். நீதிபதி என்பது பட்டப்பெயர். நிஜத்தில் அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பல் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒயின் குடித்து நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார்கள். அந்தச் சங்கத்தில் நீதிபதியின் மார்க்குக்கு அப்பீல் கிடையாது.

நீதிபதி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். லேபிளை முன்னும் பின்னும் படித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருபது வருஷம் தொடாதீங்க. இப்பத் திறந்தா பால் மணம் மாறாத பிள்ளையைக் காலேஜ் பரீட்சைக்கு அனுப்பின மாதிரி ஆயிடும்."

அன்றிலிருந்து அது வேதவாக்கு. மகன் பள்ளியில் சேர்ந்த அன்று மனைவி கேட்டாள்: "அதுல ஒண்ணு திறக்கலாமாங்க?" இவர் தலையை ஆட்டி, "இன்னும் ஆகல," என்றார். மகள் வேலைக்குப் போன அன்றும் கேட்டாள். அவளே பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று, கையில் பூங்கொத்தோடு வந்து நின்ற அன்றும் கேட்டாள். இடையில் எந்த வருஷமும் ஒரு தடவையாவது கேட்காமல் விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். அதை அவர் கோபமாகச் சொன்னதே இல்லை. சர்க்கரையை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிறவர் மாதிரி நிதானமாகச் சொல்வார்.

இருபது வருஷம் முடிந்தபோது பாதுகாப்புக்கு இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டார். அதுவும் முடிந்தது.

"முதல் பாட்டிலை வீட்லயே திறந்துடலாமே. நாம ரெண்டு பேரும்," என்றாள் மனைவி.

"முதல்ல சங்கத்துல மார்க் வாங்கிட்டு வரேன். அப்புறம் பாரு."

அவருக்கு வேண்டியிருந்தது தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒரு எண். அதைக் கொண்டுவந்து மனைவி முன்னால் வைக்க வேண்டும். இத்தனை வருஷமாக அவளுக்கு இல்லை இல்லை என்று சொன்னதெல்லாம் சரிதான் என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டும். வெளியே சொல்லமாட்டார், ஆனால் கொஞ்ச காலமாகவே ஒரு பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஒருவேளை சரியில்லை என்றால்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து மைத்துனரும் வந்து சேர்ந்தார். மனைவியின் தம்பி. பிளம்பர். வெளியூரில் வேலை முடித்துவிட்டு அக்காவைப் பார்க்க வந்தவர், சங்கத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். விருந்தாளியும் ஒரு பாட்டில் கொண்டுவரவேண்டும் என்பது விதி. தெருமுனை சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து இரண்டு நிமிஷத்தில் ஒன்றோடு வெளியே வந்தார்.

"எதைப் பார்த்து எடுத்தீங்க மச்சான்?"

"லேபிள்ல சேவல் படம் நல்லாருந்துச்சு மாமா."

கண்ணாடிக்கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தார். தன் பாட்டிலைத் துண்டில் சுற்றி, அடி எடுத்து வைப்பதற்கெல்லாம் கணக்குப் பார்த்து நடந்தார்.

சங்கத்தில் எல்லாம் முறைப்படி நடக்கும். கொண்டுவந்த பாட்டில்களைப் பல் டாக்டர் சமையலறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒவ்வொன்றையும் திறந்து, கழுத்துவரை ஒரு புதுக் கறுப்பு சாக்ஸை மாட்டிவிடுவார். எந்தக் காலிலும் ஏறாத சாக்ஸ். இதற்கென்றே டஜன் கணக்கில் வாங்கியது. வரிசையைக் கலைத்து நம்பர் சீட்டு கட்டிக் கொண்டுவருவார். கிளாஸும் கறுப்பு. நிறத்தைப் பார்த்து வயசைக் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். நாக்கும் மூக்கும்தான் சாட்சி.

ஒன்றும் இரண்டும் வந்தன, போயின. மூன்றாம் நம்பர் நாக்கில் பட்டதுமே கண்ணாடிக்கடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. கனம், மணம், தொண்டைக்குள் இறங்கிய பிறகும் விடாமல் நிற்கிற இனிப்பு. வந்துவிட்டாய் ராசா என்று மனசுக்குள் கொஞ்சினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டில் தொண்ணூற்றாறு என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"அவசரக்காரன் கையில இது சிக்காது சார்," என்றார் தன் முறை வந்தபோது. "பொறுமையா இருந்தவன் வீட்டுல வளர்ந்தது. இதுல இருபது வருஷம் தெரியுது."

"எனக்கு என்னமோ ஜாம் மாதிரி இருக்கு மாமா," என்றார் மைத்துனர்.

"பழக்கம் வேணும் மச்சான்."

நாலாம் நம்பரை அவர் சரியாகக் குடிக்கக்கூட இல்லை. மிதந்துகொண்டிருந்தார். ஐந்தாம் நம்பரை மோந்ததும் முகம் சுளித்தார். நனைந்த அட்டைப்பெட்டி வாடை. வாயில் வைத்தால் வெறும் புளிப்பு, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. சேவல் கூவிவிட்டது என்று முடிவு கட்டினார். மற்ற நாளாக இருந்தால் விருந்தாளி என்று விட்டிருப்பார். இன்றைக்கு அவர் ராஜா. ராஜாவுக்கு வாய் நீண்டது.

"இது ஒயினா, தரை துடைச்ச தண்ணியா?" என்று ஆரம்பித்தார். டாக்டர் சிரித்தார். அதில் இன்னும் சூடு பிடித்தது. "இதுக்கு மார்க் போட முடியாது சார், போஸ்ட்மார்ட்டம்தான் பண்ணணும். உயிர் போய் ரொம்ப நாளாச்சு. இதை ஒருத்தர் காசு கொடுத்து வாங்கி, பத்திரமா மேஜை வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கார் பாருங்க, அவர் தைரியத்துக்கு வேணா மார்க் போடலாம்."

மேஜையே குலுங்கிச் சிரித்தது. மைத்துனரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடிக்கடைக்காரர் சீட்டில் முப்பது என்று எழுதினார். சங்கத்தின் சரித்திரத்திலேயே அவ்வளவு குறைந்த மார்க் யாரும் போட்டதில்லை.

நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தார்.

"இதுக்கு நான் மார்க் போடல," என்றார்.

ஏன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆறாவதும் ஏழாவதும் முடிந்தன. டாக்டர் சாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாம் நம்பரின் சாக்ஸ் இறங்கியபோது உள்ளேயிருந்து சேவல் எட்டிப் பார்த்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. டாக்டர் சீட்டைத் தப்பாகக் கட்டிவிட்டார் என்றே நினைத்தார். நாலு. பிறகு ஐந்து. இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் முதல் வேலையாகப் பார்த்த லேபிள் அது. இருட்டில் தொட்டாலே தெரியும்.

ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொருவர் இல்லாத இருமலை இருமினார். மைத்துனர் அவர் பக்கம் சாய்ந்து, "அக்காகிட்ட சொல்லமாட்டேன் மாமா," என்று கிசுகிசுத்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தியது.

வாசலில் செருப்பு மாட்டும்போது நீதிபதி பக்கத்தில் வந்து நின்றார்.

"குடிச்சதும் உங்க பாட்டில்னு தெரிஞ்சுது சார். அதான் எழுதல."

"நீங்கதானே இருபது வருஷம்னீங்க?" "நீங்க சொல்லித்தானே வச்சேன்?"

நீதிபதி தரையைப் பார்த்தார். "அப்ப நான் அதைக் குடிச்சதே இல்ல. லேபிளைப் பார்த்துச் சொன்னேன். பெரிய வார்த்தையா ஏதாவது சொல்லணும்னு இருந்துச்சு. பின்னாடி எனக்கே ரெண்டு பாட்டில் கிடைச்சுது. நாலாவது வருஷம் திறந்தேன். பிரமாதம் சார். ஏழாவது வருஷம் இன்னொண்ணு. அப்பவே இறங்கு முகம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? ஒவ்வொரு மாசமும் வந்து அதைப் பத்தியே பேசுவீங்க. உங்க சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல."

அடிக்கலாம் என்று கை துடித்தது. ஒன்றும் செய்யாமல் நடந்தார்.

மைத்துனர் கெட்டிக்காரர், நண்பனைப் பார்க்கவேண்டும் என்று தெருமுனையிலேயே கழன்றுகொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடிக்கடைக்காரர் நேரே படிக்கட்டு அறைக்குப் போய் மிச்சம் ஐந்தையும் சமையலறைக்குத் தூக்கி வந்தார். ஒரு பாட்டில் கெட்டுப்போயிருக்கலாம், கார்க்கில் கோளாறு இருக்கலாம். அதில்தான் அவருடைய கடைசி நம்பிக்கை தொங்கிக்கொண்டிருந்தது. முதலாவதைத் திறந்தார், குடித்தார், தொட்டியில் ஊற்றினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கார்க் மாவு மாவாக உதிர்ந்தது. நாலாவதை வாயில்கூட வைக்க முடியவில்லை. ஐந்தாவதை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பாமல் வைத்துக்கொண்டு நின்றார். இதில் ஏதோ கொஞ்சம் இருந்தது. இல்லை, இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், பாட்டில்களைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

ஊற்றினார். அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் மாறவில்லை. இன்னொரு வாயும் குடித்தாள்.

"பரவால்லைங்க," என்றாள்.

"பொய் சொல்லாதே."

"சரி. நல்லால்ல."

அவர் எதிரே உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவும் இல்லை. "திட்டேன். நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேளு. உனக்குப் பிடிச்சதை வாங்கி, உன் கண்ணுல காட்டாம பூட்டி வச்சு நாசம் பண்ணிட்டேன். வருஷா வருஷம் கேட்டே. எவ்வளவு ஆசையா இருந்திருப்பே."

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்பது தெரிந்தது.

"ஆசையெல்லாம் எப்பவோ போயிடுச்சுங்க."

"அப்புறம் ஏன் கேட்டுட்டே இருந்தே?"

"நீங்க 'இன்னும் ஆகல'ன்னு சொல்றப்ப உங்க முகத்துல ஒரு களை வரும். பிள்ளைங்க பாஸ் பண்ணினப்பகூட அது வந்ததில்ல. நான் கேட்டாத்தானே நீங்க சொல்வீங்க? அதுக்குத்தான் கேட்டேன்."

வாசலில் நீதிபதி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஆளாளுக்கு அவர்மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள். ராஜாவாக அவர் நடமாடிய இத்தனை வருஷமும் மற்றவர்கள் பார்த்துப் பார்த்து விட்டுக்கொடுத்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஒரே ஒரு தடவைதான் நிஜமாவே குடிக்கணும்னு இருந்துச்சு," என்றாள் மனைவி. "முதல் தடவை."

"பையனை ஸ்கூல்ல சேர்த்த அன்னிக்கா?"

"இல்லைங்க. அதுக்கும் முன்னாடி. வாங்கிட்டு வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். மத்தியானம் நல்ல மழை. பிள்ளைங்க ரெண்டும் தூங்கிடுச்சு. விசேஷம்லாம் ஒண்ணுமில்ல. சும்மா உங்ககூட உக்காந்து குடிக்கலாம்னு தோணுச்சு, கேட்டேன்."

அவர் நினைவைத் துழாவினார். எந்த மாதம் எந்த ஒயினுக்கு எத்தனை மார்க் போட்டார் என்பது வரிசையாக வந்தது. அந்த மழை மட்டும் வரவே இல்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க காதுலயே வாங்கல. நானும் திருப்பிச் சொல்லல," என்றாள்.