மிச்சமிருந்த ஒரு வார்னிங்

அக்கா புருஷனுக்குக் கீழே வேலை பார்க்கக் கூடாது என்ற புத்தி அவளுக்குக் காலம் கடந்துதான் வந்தது. போன வருஷம் வாடிக்கையாளருக்குப் போன புரோகிராம் ஒன்று நடுவழியில் படுத்துவிட்டது. காரணம் தேட, அவள் தயாரித்திருந்த டீபக் ஃபைலை, தப்பைத் தேடிப் பிடிக்கும் டீபக்கரில் திறந்தார்கள். ‘இந்த ஃபைலில் இயங்கும் பகுதியே இல்லை’ என்று திரை முழுக்க வார்னிங் கொட்டியது. அதில் எப்படி இருக்கும்? இயங்குவது புரோகிராம். எந்த வரியில் தப்பு என்று காட்டும் குறிப்புகள் மட்டும்தான் இந்தத் தனி ஃபைலில் இருக்கும். டீபக்கருக்கு அது தெரியவில்லை. அக்கா புருஷனும் டீம் லீடுமான அந்த மகானுபாவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், ஃபைலைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை என்று எல்லோர் முன்னாலும் அவள் தலையில் பழியைப் போட்டார். பொறுப்பைப் பிடுங்கி ஒரு மூலையில் உட்கார வைத்தார். வீட்டுக்குப் போய் அக்காவிடமும் ஓதினார். அக்கா நம்பிவிட்டாள். அதுதான் இவளுக்கு ஆறவே இல்லை.

அந்தப் பொய் வார்னிங்குகளை அடக்கும் வேலை இப்போது இவளிடமே வந்தது. யாரும் சீண்டாத வேலை. தனி டீபக் ஃபைலைத் திறக்கும்போது மட்டும் டீபக்கர் அந்தப் புலம்பலை நிறுத்தும்படி செய்தாள். சோதிக்க அதே பழைய ஃபைலைத் திறந்தாள். குப்பையெல்லாம் போனபின் அடியில் ஒன்று நின்றது: ‘புரோகிராமும் இந்த ஃபைலும் பொருந்தவில்லை.’

இத்தனை நாள் கூச்சலுக்குள் புதைந்து கிடந்த உண்மை. அதை அவள் உடனே யாரிடமும் கொண்டுபோய்க் காட்டவில்லை. சந்தர்ப்பம் கிடைத்தால் அவளை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. அதை நம்பிக் காத்திருந்தாள்.

மேலாளருக்கு வேலையைச் செய்து காட்டும் நாள் வந்தது. எந்த ஃபைலைத் திறக்கட்டும் என்று டீம் லீடையே பணிவாகக் கேட்டாள்.

“உன்னோட அந்தப் புகழ்பெற்ற ஃபைலையே திற,” என்றார் அவர். சிலர் சிரித்தார்கள்.

திறந்தாள். திரையில் ஒரே ஒரு வரி. இதையும் சேர்த்து அடக்கியிருக்கலாமே என்று அவர் அலுத்துக்கொண்டார்.

“இது பொய் இல்ல சார். நான் ஃபைலைக் குடுத்ததுக்கப்புறம் யாரோ புரோகிராமை மாத்தி, திரும்ப பில்ட் பண்ணி அனுப்பியிருக்காங்க. படுத்தது அதுதான்.”

யார் என்று மேலாளர் கேட்டார். புரோகிராமைக் கடைசியாக பில்ட் போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் அனுமதி ஒருவருக்குத்தான் உண்டு என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். டீம் லீடின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. கெஞ்சுகிற கண்ணோடு அவளைப் பார்த்தார். தெரியாமல் நடந்திருக்கும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்வார். அவள் மனசு கொஞ்சமும் இளகவில்லை. சொல்லப்போனால் குளிர்ந்துதான் இருந்தது.

“நீங்களே சொல்லிடுங்க மாமா,” என்றாள், ஆபீஸில் முதல் தடவையாக. “அப்படியே வீட்டுக்குப் போய் அக்காகிட்டயும்.”