எதிர்வீட்டுக் காப்பி

பெருமாள்புரத்தில் வீடு கட்டிக் குடிவந்து மூன்று வருடமாகியும் எதிர்வீட்டுக் காப்பிக்கு முத்துராணியை யாரும் அழைக்கவில்லை. எதிர்வீட்டுச் சித்ரலேகா கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா நீதிபதி. ஞாயிறு காலை தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். முத்துராணியைக் கண்டால் சித்ரலேகா நன்றாகவே சிரிப்பார். "சௌக்கியமா?" என்பார். "உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னதில்லை.

முத்துராணியும் சும்மா இருக்கவில்லை. மினுங்கும் பட்டுச் சேலையை விட்டுக் கைத்தறிக்கு மாறினாள். கணவன் ஐயம்பெருமாளின் பைப் கடையைப் பற்றி வாயே திறப்பதில்லை. பிறந்த ஊரைக் கேட்டால், ஏரல் என்று சொல்லாமல் "டவுன்தான்" என்றாள்.

அப்படியிருக்க, தெருக்கோடிக்கு வாடகைக்கு வந்த கண் டாக்டர் அலிமா பீவி, வந்த இரண்டாவது ஞாயிறே அந்த வீட்டுக்குள் போனாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த முத்துராணிக்கு வயிறு எரிந்தது. அலிமாவை அவளுக்குத் தெரியும். ஏரல் சந்தையில் அலிமாவின் வாப்பா கருவாடு விற்றார். அடுத்த கடையில் முத்துராணியின் அப்பா வாழைத்தார் விற்றார். நான் தெருவில் நிற்க, இவள் உள்ளே போவதா?

மறுநாள் கோயிலில் சித்ரலேகா தனியாகக் கிடைத்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த டாக்டரம்மா வாப்பா ஏரல் சந்தையில கருவாடு வித்தவரு. உங்க வீட்டுக்கெல்லாம் வாராளேன்னு சொல்லுதேன்."

"தெரியுமே! வந்த அன்னைக்கே அவங்களே சொல்லிட்டாங்க. சந்தைக் கதையெல்லாம் கேட்டுச் சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயிறு வலிச்சுப் போச்சு." சித்ரலேகா திருநீற்றைப் பூசிக்கொண்டார். "ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்? டவுன்னுல்லா சொன்னீங்க?"

பதிலுக்குச் சித்ரலேகா காத்திருக்கவில்லை. "வாரேம்மா" என்று சிரித்தபடியே பிரகாரம் சுற்றப் போய்விட்டார்.

ஞாயிறு காலை அலிமாவே வந்து கதவைத் தட்டினாள்.

"ஏட்டி முத்துராணி, நீ இங்கனயா இருக்க! எதிர்வீட்டுல ஏரல்காரி ஒருத்தி இருக்கான்னு சித்ரலேகாம்மா சொல்லித்தான் தெரியும். வா, காப்பிக்குப் போவோம். நான் கூட்டிட்டுப் போனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

முத்துராணியின் கால் தானாகவே செருப்பைத் தேடியது. 'நான் கூட்டிட்டுப் போனா' என்ற சொல் அதற்குள் தைத்துவிட்டது. மூன்று வருடம் காத்துக் கிடந்தது, கருவாட்டுக்காரர் மகள் பின்னால் போவதற்கா?

"வேலை கெடக்கு. நீ போ."

அதற்குப் பிறகு ஞாயிறு விடிந்தால் கணவனைக் கிளப்பிக்கொண்டு வள்ளியூரில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். "எங்க தெருவுல எல்லாம் டாக்டருமாரும் ஜட்ஜு வீட்டு ஆளுகளும்தாம்ட்டி" என்று அங்கே உட்கார்ந்து அளப்பாள். தங்கை வாய் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஒருநா என்னையும் அங்கன கூட்டிட்டுப் போயேன்க்கா."

"உனக்கு அவங்ககூடப் பழக வராதுட்டி" என்பாள் முத்துராணி.