தெரிந்த ஆளோடு பயணம்

எமில்ராஜ் மீன் நிறுக்கும் தொங்கு தராசின் கொக்கியில் பயணப் பெட்டியைக் கொழுவித் தூக்கிப் பிடித்தான். பெட்டி ஒருமுறை சுழன்று நின்றது.

"முப்பதைத் தாண்டுது. ரெண்டு கிலோவை எடு" என்றான் மனைவியிடம்.

றஜனி பெட்டியைத் திறந்து இறால் கருவாட்டுப் பொதியைக் கையில் எடுத்தாள். பிறகு மிளகாய்த்தூளை எடுத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பழையபடி உள்ளே வைத்தாள். கடைசியில் வெளியே வந்து விழுந்தவை ஜெனிற்றாவின் பாடப் புத்தகங்கள்தான்.

ஜெனிற்றாவுக்குப் பதினைந்து வயது. றஜனியின் தமையன் சுபாஸின் ஒரே மகள். தாய் நோயில் போய், தகப்பன் கனடாவுக்குப் போன பிறகு, குருநகரில் மாமியின் கையில் வளர்ந்தவள். இப்போது தகப்பனிடம் போக விசா வந்துவிட்டது. வருகிற கிழமை பயணம். விசா வந்த நாளிலிருந்து றஜனிக்குச் சோறு இறங்கவில்லை. கொழும்பையே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருதரம் எட்டிப் பார்த்த பிள்ளை, நடுவழியில் விமானம் மாறி உலகத்தின் மறுகரைக்குத் தனியே போகவேண்டும்.

சுபாஸ் தொலைபேசியில் ஒரு வழி சொல்லியிருந்தான். "விமானக் கொம்பனியிலை, தனியா வாற பிள்ளையளைப் பொறுப்பெடுத்துக் கூட்டிக்கொண்டு வருவினமாம். பதியட்டே?"

"உனக்கென்ன விசரோ அண்ணை? முன்பின் தெரியாத ஆக்களிட்டைப் பிள்ளையைக் குடுக்கிறதோ? அதே பிளேனிலை எங்கடை ஆள் ஒருத்தர் வாறார். நான் கதைச்சிட்டன்."

அந்த எங்கடை ஆள் அருட்செல்வன். கனடாவிலிருந்து லீவில் வந்து, இரண்டு ஒழுங்கை தள்ளித் தமக்கை வீட்டில் தங்கியிருந்தான். கோயில் திருநாளன்று புனிதரின் சுருவத்தைத் தோளில் தூக்கியவர்களில் முன்னுக்கு நின்றவன். அதற்கு மேல் என்ன விசாரணை வேண்டியிருக்கிறது? றஜனியே அவனைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தாள்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி. என்ரை பிள்ளைமாதிரிக் கொண்டுபோய்ச் சேர்ப்பன். பயணத்தண்டு பாஸ்போட்டை நான் வைச்சிருக்கிறன். சின்னப்பிள்ளையள் துலைச்சுப் போடுங்கள்" என்றான் அவன்.

"ஏன் அங்கிள், என்னட்டை இருக்கக்கூடாதோ?" என்று கேட்டாள் ஜெனிற்றா.

றஜனிக்கு முகம் சிவந்தது. "பெரியாக்களிட்டைக் கேள்வி கேக்கிற வாயைப் பார். அங்கிள் சொல்லுறபடி கேக்கவேணும். எதிர்க்கதை கதைக்கக்கூடாது. விளங்குதோ?"

"ஓம் மாமி" என்றாள் ஜெனிற்றா.

அடுத்த நாள் பின்னேரம் ரியூசன் வகுப்புக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

வழக்கமாகக் கோயில் மணி அடிக்குமுன் சைக்கிள் படலைக்குள் வந்துவிடும். மணி அடித்து ஓய்ந்தது. தெருவிளக்கும் எரிந்தது. றஜனி தொலைபேசி எடுத்தாள், பதில் இல்லை. ரியூசன் வாசலுக்கு ஓடினாள். அங்கே மதிலோடு சாத்தியபடி சைக்கிள் மட்டும் நின்றது.

திரும்பி ஓடிவரும் வழியில் அயல் வீட்டு லூர்த்தம்மா மறித்தாள். "ஏன்ரி இந்த ஓட்டம்? பிள்ளை அருட்செல்வன்ரை மோட்டச்சைக்கிளிலை போறதைக் கண்டனான். நீதான் அனுப்பினியாக்கும் எண்டிருந்தன்."

தெரிந்த ஆள்தானே என்று ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆனால் றஜனிக்கு அது வரவில்லை. தன்னிடம் ஒரு சொல் கேட்காமல் ஏன் கூட்டிப் போனான்?

ஒழுங்கை முனையில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றபோது நன்றாக இருட்டிவிட்டது. ஜெனிற்றா இறங்கினாள். வண்டி உடனே திரும்பிப் போய்விட்டது. றஜனி பிள்ளையைக் கட்டிப்பிடித்தாள், பிறகு தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கையடி போனனீ?"

"பண்ணைக் கடற்கரைக்கு. ஐஸ்கிறீம் வேண்டித் தந்தவர்."

"கூப்பிட்ட உடனை ஏறுறதோ? உனக்கு அறிவில்லையோ?"

"எனக்கு விருப்பமில்லை மாமி. பயமாத்தான் இருந்தது." பிள்ளையின் உதடு துடித்தது. "நீங்கள்தானே அங்கிள் சொல்லுறபடி கேக்கச் சொன்னனீங்கள்."

றஜனிக்குத் தன் கையே தன் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

மிச்சமும் மெல்ல மெல்ல வந்தது. நேற்று இரவே அருட்செல்வன் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான். பாஸ்போட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். அவளும் அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டாள். நடுவழியில் ஒருநாள் நிற்கவேண்டி வரும், தன் கூட்டாளி வீட்டில் தங்கலாம் என்றானாம்.

"அதை மாமிக்குச் சொல்லாதை, அவ சும்மா பயப்பிடுவா எண்டவர்."

எமில்ராஜ் ரிக்கற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மூன்று மணித்தியாலத்தில் அடுத்த விமானம். ஒருநாள் தங்கல் எங்கேயும் இல்லை.

"இப்பவே போவம்" என்றாள் றஜனி.

எமில்ராஜ் தயங்கினான். கொந்தளித்த கடலில் வள்ளம் விடுகிறவன், ஊர்வாய்க்குப் பயந்தான். "கோயில் ஆளைச் சந்தேகிச்சமெண்டால் சனம் என்ன சொல்லும்?"

"பிள்ளை போனாப்பிறகு சனம் தேடித் தருமோ?"

அருட்செல்வன் தமக்கை வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருந்தான். மூவரையும் கண்டதும் சிரித்தான். "பாஸ்போட்டோ? அது பத்திரமாக் கிடக்கு. கட்டுநாயக்கா ஏர்போட்டிலை வைச்சுத் தாறன். என்னிலை நம்பிக்கை இல்லையோ தங்கச்சி?"

அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரே பதில்தான் உண்டு. அந்தப் பதில் றஜனியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"நடுவிலை ஒருநாள் தங்கவேணுமெண்டு பிள்ளைக்குச் சொன்னீங்களாம். ரிக்கற்றிலை அப்பிடி இல்லையே."

"பிள்ளை பிழையா விளங்கிப்போட்டுது."

"இல்லை." ஜெனிற்றா மாமியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கூட்டாளி வீடு எண்டு சொன்னீங்கள். மாமிக்குச் சொல்லாதை எண்டும் சொன்னீங்கள். என்ரை பாஸ்போட்டைத் தாங்கோ."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. வாசலில் நின்ற தமக்கை உள்ளே போனாள். பாஸ்போட்டோடு திரும்பி வந்து, தம்பியின் முகத்தைப் பாராமல் அதை ஜெனிற்றாவின் கையில் வைத்தாள்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள் மெதுவாக. தம்பியைப் பற்றி அவளுக்கு முன்பே ஏதோ தெரிந்திருக்கிறது என்று றஜனிக்குப் பட்டது.

விடிந்ததும் அவர்கள் பொலிசுக்குப் போய்ச் சொன்னார்கள். பங்குத் தந்தையிடமும் சொன்னார்கள். றஜனி தமையனுக்குத் தொலைபேசி எடுத்து, விமானக் கொம்பனியில் பதியச் சொன்னாள். தன் பிழையையும் மறைக்காமல் சொல்லி அழுதாள்.

அன்று பின்னேரம் முற்றத்தில் ஒரு புதுப் பாடம் நடந்தது. றஜனி வேலியோரம் போய் நின்று குரலைத் தடிப்பாக்கினாள்.

"பிள்ளை, உம்மடை அப்பா அனுப்பின ஆள் நான். வாரும் போவம்."

"மாட்டன் அங்கிள்."

"அங்கிளும் ஆட்டுக்குட்டியும். மாட்டன் எண்டு மட்டும் சொல்லு. சத்தமா."

"மாட்டன். அப்பாவோடை கதைச்சுப்போட்டுத்தான் வருவன்."

"நான் குருநகர்தான். உங்கடை கோயில் ஆள்."

"எந்தக் கோயிலெண்டாலும் மாட்டன்."

வேலிக்கு மேலால் லூர்த்தம்மாவின் தலை தெரிந்தது. "என்னடி றஜனி, குமர்ப்பிள்ளைக்கு வாய் காட்டப் பழக்கிறாய்? உதெல்லாம் கனடாவுக்குப் போனால் தன்ரைபாட்டிலை வரும்."

றஜனி சிரிக்கவில்லை. பயம் இன்னும் இருந்தது. பிள்ளை போய் இறங்கித் தகப்பன் கையைப் பிடிக்குமட்டும் அது போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஓம் அக்கா, பழக்கிறன்தான். பெரியாக்கள் சொன்னாக் கேள், கேள் எண்டே வளத்து, ஆர் கூப்பிட்டாலும் பின்னாலை போற பிள்ளையா ஆக்கி வைச்சிருந்தன். எங்கடை ஊர், எங்கடை கோயில் எண்டு ஒருத்தன்ரை கையிலை பிடிச்சுக் குடுத்தால் அது பிள்ளைக்குக் காவல் ஆகாது. மாட்டன் எண்டு சொல்லத் தெரியாத பிள்ளையைத் தனியா அனுப்புறது, நீந்தத் தெரியாததைக் கடலிலை இறக்கிறமாதிரி. உங்கடை பேத்தியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."